சிங்கப்பூரில்தான் இருந்தேன், மலேசியா என்று பில் வந்திருக்கிறது

கேள்வி: நான் திருநெல்வேலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் மகன் வீட்டில் நானும் மனைவியும் பத்து நாள் தங்கியிருந்தோம். கிளம்பும் முன்பே என் போஸ்ட்பெய்டு எண்ணுக்கு சிங்கப்பூர் ரோமிங் பேக் போட்டேன். மலேசியா பக்கம் போகவே இல்லை. ஊர் திரும்பியதும் 31,640 ரூபாய்க்கு பில் வந்தது. அதில் 31,000 ரூபாய் ‘மலேசியா, டேட்டா’ என்ற கணக்கில் இருக்கிறது. என் கிரெடிட் லிமிட்டே 3,000 ரூபாய்தான். கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். வசூல் ஆட்கள் தினமும் போன் செய்கிறார்கள். பயமாக இருக்கிறது, கட்டிவிடட்டுமா ஐயா?

பதில்: அந்த 31,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம் ஐயா. அதற்காக பில்லைக் கிடப்பில் போட்டுவிடவும் கூடாது. மீதி 640 ரூபாய் உங்கள் மாத வாடகைதானே, அதை உடனே கட்டிவிடுங்கள். ‘மலேசியக் கட்டணத்தை நான் ஏற்கவில்லை, மறுக்காத தொகையை மட்டும் செலுத்துகிறேன்’ என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்குத் துணை நிற்கப்போவது அந்த இரண்டு வரிதான்.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் நடுவில் இருக்கும் நீரிணையின் அகலம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். போனில் நெட்வொர்க் தேர்வு ‘தானியங்கி’யில் இருந்தால், ஜன்னல் ஓரம் வைத்த போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் தூங்கும்போதுகூட வாட்ஸ்அப் வீடியோக்கள், போட்டோ பேக்கப் எல்லாம் அந்த வழியாக ஓடும். உங்கள் பேக் சிங்கப்பூருக்கு மட்டும் என்பதால், மலேசியக் கணக்கு பேக் இல்லாத விலைக்குப் போய்விடும்.

முதலில் விவரப் பட்டியலுடன் கூடிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மலேசிய வரிக்கும் நேரம் இருக்கும். அது இந்திய நேரமா, உள்ளூர் நேரமா என்று எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இது தெரியாமல், ‘அந்த நேரத்தில் நான் மகன் வீட்டில் இருந்தேன்’ என்று தவறான மணியைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் பாஸ்போர்ட் பக்கங்கள், விமான டிக்கெட், போனில் கூகுள் டைம்லைன் இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியை ஒரு வரி விடாமல் பாருங்கள். ‘மலேசியாவுக்கு நல்வரவு’ என்று செய்தி வந்ததா? செலவு லிமிட்டைத் தாண்டுவதாக எச்சரிக்கை வந்ததா? வந்திருந்தால் நிறுவனம் அதைத்தான் முதலில் காட்டும். அதை என்னிடம் மறைக்காதீர்கள். வராமல் இருந்தால் உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கிரெடிட் லிமிட்டை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், அதை நெருங்கும்போது தெரிவிக்க வேண்டும் என்று 2005-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. 3,000 ரூபாய் வரம்பு வைத்துவிட்டு 31,000 வரை வாய் திறக்காமல் ஓடவிட்டது சேவைக் குறைபாடு என்பதே என் வாதமாக இருக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேக்கின் நிபந்தனையில் ‘சிங்கப்பூர் மட்டும்’ என்று தெளிவாக இருந்தால், முழுத் தொகையும் ரத்தாகும் என்று என்னால் உறுதி தர முடியாது. பெரும்பகுதி குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சரி, எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் கொடுத்து டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. அவர்களுக்கு உள்ள கெடுவுக்குள் தீர்வு வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இது டிராயின் 2012 விதி. டிராய்க்கே நேரடியாக எழுதலாமே என்று பலர் கேட்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் தீர்த்து வைப்பதில்லை.

அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடக் கெடு உண்டு. வழக்கோடு இடைக்கால மனுவும் போட்டு, முடியும் வரை இணைப்பைத் துண்டிக்கவோ வசூலுக்கு ஆள் அனுப்பவோ கூடாது என்று உத்தரவு கேட்கலாம்.

‘தகராறை நடுவரிடம் விடச் சொல்லும் தந்திச் சட்டப் பிரிவு 7பி இருக்கிறது, இது நுகர்வோர் ஆணையத்துக்கு வராது’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் கலங்காதீர்கள். 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்தான். 2022 பிப்ரவரி 16-இல் வோடபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

வசூல் ஆட்கள் கூப்பிட்டால் டாக்கெட் எண்ணைச் சொல்லி, ‘தகராறு நிலுவையில் இருக்கிறது, எழுத்தில் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். மிரட்டினால் தேதி, நேரம், எண் குறித்து வையுங்கள். கோபத்தில் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற நினைக்க வேண்டாம். நிலுவை இருக்கும்போது போர்ட் ஆகாது.

அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போகும்போது சாங்கி விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம்மோ இ-சிம்மோ வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய சிம் ஓடிபிக்காக மட்டும் இருக்கட்டும். அதில் ‘டேட்டா ரோமிங்’கை அணைத்துவிடுங்கள். இரண்டு சிம் போனில், ஒன்றில் சிக்னல் குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தாவும் வசதி இருக்கும், அதையும் அணையுங்கள். பேக்தான் வேண்டும் என்றால், உட்லண்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் நெட்வொர்க் தேர்வைக் கைமுறைக்கு மாற்றி, உங்கள் பேக்கில் உள்ள சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி மகனிடம் சொல்லுங்கள். உங்கள் மனைவியின் போனிலும்.