எஃப்1 விசையை முடக்குவதற்கு முன்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடித்துவிட்டு, ஒரு கட்டடப் பொறியாளரிடம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பிளான் போடும் வேலையில் இருக்கிறார். அலுவலகத்தில் வரைகிறவர் அவர் ஒருவர்தான். அவருடைய கேள்வி இது: "எஸ்கேப் அழுத்தப் போனால் விரல் அடிக்கடி எஃப்1 மேல் விழுந்துவிடுகிறது. ஹெல்ப் திறக்கப் பார்த்து, நெட் மெதுவாக இருப்பதால் வெள்ளைப் பக்கமாகவே நின்றுவிடுகிறது. வீட்டு லேப்டாப்பிலோ தலைகீழ், உண்மையிலேயே உதவி வேண்டும் என்று அழுத்தினால் ஸ்பீக்கர் சத்தம்தான் நின்றுபோகிறது. மழை நாட்களில் அலுவலக கம்ப்யூட்டரில் யாரும் தொடாமலே ஹெல்ப் திறந்ததும் உண்டு. இந்த விசையை ஒரேயடியாக முடக்கிவிடலாமா?"

முடக்கலாம். ஐந்து நிமிட வேலை, வழியைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: அலுவலகத்தில் வரைகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்பது. பக்கத்து மேசையில் கேட்க ஆள் இல்லாதவருக்கு இந்த விசைதான் சீனியர். அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

சும்மா இருக்கும்போது எஃப்1 அழுத்தினால் ஹெல்ப்பின் முகப்புதான் வரும். அதில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சலிப்பு வந்துவிடும். பலரும் இந்த விசையைக் கைவிடுவது அங்கேதான். ஒரு கமாண்ட், அதாவது ஆட்டோகேடுக்கு நீங்கள் கொடுத்த கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்திப் பாருங்கள், கதையே வேறு.

ஒரு மனைக்கு எல்லைக்கோடு போட்டுவிட்டீர்கள், அதிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே செட்பேக் கோடு, அதாவது கட்டடம் தாண்டக் கூடாத கோடு, வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ஓ' என்று அடித்து என்டர் தட்டுகிறீர்கள். ஒரு கோட்டுக்கு இணையாக இன்னொன்று போடும் ஆஃப்செட் தொடங்கி, திரையின் கீழே உள்ள கமாண்ட் வரி தூரத்தைக் கேட்கிறது. கேள்விக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் த்ரூ, இரேஸ், லேயர் என்று மூன்று சொற்கள் நிற்கும். தினமும் கண்ணில் படுகிறவைதான், படித்திருக்க மாட்டோம். எதையும் கேன்சல் செய்யாமல் அந்த இடத்திலேயே எஃப்1 அழுத்துங்கள். நேராக ஆஃப்செட்டின் பக்கமே திறக்கும். அதில் லேயர் என்ற பகுதியைப் பாருங்கள் (லேயர் என்பது கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்கு). புதுக் கோடு மூலக்கோட்டின் லேயரில் விழ வேண்டுமா, இப்போது நீங்கள் நிற்கும் லேயரில் விழ வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி அது. ஹெல்ப்பை விட்டு டிராயிங்குக்குத் திரும்பினால் ஆஃப்செட் அதே கேள்வியோடு உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். 'எல்' அடித்து என்டர், 'சி' அடித்து என்டர், பிறகு தூரம். நீங்கள் செட்பேக் லேயரில் நின்றிருந்தால் செட்பேக் கோடு அதிலேயே போய் உட்காரும்.

ஆறு வருட அனுபவம் உள்ளவர்கள்கூட ஆஃப்செட் செய்துவிட்டு, கோட்டைத் தேர்ந்தெடுத்து, லேயரை மாற்றி, எஸ்கேப் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த வேலை நடக்கிறது என்று எண்ணினால் மனம் வலிக்கும். ஒரேயொரு எச்சரிக்கை: லேயரை மாற்றி வைத்துவிட்டால் அடுத்த ஆஃப்செட்டுக்கும் அப்படியே நிற்கும். கமாண்ட் தொடங்கியதும் நடப்பு அமைப்பு என்ன என்று மேலே ஒரு வரி காட்டும், அதை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

திரையின் மேலே உள்ள ரிப்பன் என்ற கருவிப்பட்டையில் ஒரு ஐகான் என்ன செய்யும் என்று தெரியாவிட்டால், அதன் மேல் மவுஸை வைத்துக் காத்திருங்கள். குறிப்புப் பெட்டி விரிந்ததும் எஃப்1 அழுத்தினால் அந்தக் கருவியின் பக்கம் வரும். டைமென்ஷன் ஸ்டைல், பிளாட் மாதிரியான பெட்டிகள் திறந்திருக்கும்போதும் இப்படித்தான். ஹெல்ப் தமிழில் இல்லை என்பது குறைதான். ஆனால் அதன் ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியம், கூடவே படமும் இருக்கும். கமாண்ட் ஓடும்போது படித்தால், சொல் புரியாவிட்டாலும் செய்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

சரி, கை தவறி அழுத்தும் தொல்லைக்கு வருவோம். தவறு உங்கள் விரலில் இல்லை. எஸ்கேப்பைத்தான் நாள் முழுக்க அதிகமாகத் தட்டுகிறோம், எஃப்1 அதற்கு ஒட்டின வீட்டில் குடியிருக்கிறது. 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் இந்த விசையை எழுத்துத் திரைக்கும் வரைபடத் திரைக்கும் மாறிக்கொள்ளத்தான் வைத்திருந்தது. அந்த வேலையை இப்போது எஃப்2 பார்க்கிறது. எஃப்1 என்றால் உதவி என்ற வழக்கத்தை ஐபிஎம் 1987இல் தன் விதிமுறையில் எழுதி வைத்தது, அப்புறம் விண்டோஸ் உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

என் யோசனை: ஹெல்ப்பை ஒழிக்க வேண்டாம், குடி மாற்றுங்கள். எஃப்1 இன்னொரு எஸ்கேப்பாக மாறட்டும், ஹெல்ப் கன்ட்ரோல் எஃப்1க்குப் போகட்டும். ஷிஃப்ட் எஃப்1 பக்கம் போக வேண்டாம். ஷிஃப்ட்டுடன் எஃப்1 முதல் எஃப்4 வரையிலான விசைகளை ஆட்டோகேட் முப்பரிமாணத் தேர்வுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

கமாண்ட் வரியில் 'சியூஐ' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். பெரிய பெட்டி ஒன்று திறக்கும். இடது மேல் பகுதியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்பதை விரித்தால் உள்ளே ஷார்ட்கட் கீஸ் இருக்கும். இடது கீழ்ப்பகுதியில் கமாண்ட் பட்டியல். அதன் மேல் உள்ள புதுக் கமாண்ட் ஐகானைச் சொடுக்கி, பெயரை 'கேன்சல் எஃப்1' என்பதுபோல ஏதாவது வையுங்கள். வலது பக்கம் மேக்ரோ என்ற கட்டத்தில் தொப்பிக்குறியும் சி எழுத்தும் இரண்டு முறை தானாகவே இருக்கும். எஸ்கேப்பை இரண்டு தரம் தட்டுவதற்குச் சமம் அது, அதைத் தொடவே வேண்டாம். இந்தப் புதுக் கமாண்டை மவுஸால் இழுத்துக்கொண்டுபோய் ஷார்ட்கட் கீஸ் மேல் விடுங்கள். விட்டதும் அதைத் தேர்ந்தெடுத்து, வலது பக்கம் கீ என்ற கட்டத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, எஃப்1ஐ ஒரு முறை தட்டுங்கள். அதேபோல பட்டியலில் ஹெல்ப்பைத் தேடி இழுத்து விட்டு, அதற்குக் கன்ட்ரோல் எஃப்1 கொடுங்கள். அப்ளை, ஓகே. தீர்ந்தது.

மாற்றியதை உங்கள் பொறியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவரும் அதே கம்ப்யூட்டரில் உட்காருவார் என்றால், நாளைக்கு எஃப்1 வேலை செய்யவில்லை என்று அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நீங்களும் எந்த அலுவலகத்திலாவது எஃப்1 ஊமையாக இருந்தால், முன்னால் இருந்தவர் இதே இடத்தில் கை வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம், ஹெல்ப்பைத் தன் தயாரிப்பாளரான ஆட்டோடெஸ்க்கின் இணையதளத்திலிருந்து எடுத்து வருவதுதான் ஆட்டோகேடின் இயல்பு. மலையில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று நம் கையில் இல்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊட்டியில் ஜெனரேட்டர் போட்டுக் கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன், நெட் இல்லை. இடிந்த தடுப்புச் சுவர்களுக்கு செக்‌ஷன் போட்டுத் தரச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். அன்று ஹெல்ப் என் ஹார்டு டிஸ்க்கில் இருந்ததால் வேலை நிற்கவில்லை.

நீங்களும் அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆஃப்லைன் ஹெல்ப் என்று ஆட்டோடெஸ்க்கின் தளத்தில் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் ஆட்டோகேடின் ஆண்டுப் பதிப்பு எதுவோ அதற்குரியதையே இறக்குங்கள். நல்ல நெட் கிடைக்கும் நாளில், குன்னூருக்கோ கோயம்புத்தூருக்கோ போகும்போது பென்டிரைவில் இறக்கி வந்தாலும் சரி. நிறுவிய பிறகு 'ஆப்ஷன்ஸ்' கமாண்ட் கொடுத்து, சிஸ்டம் என்ற தாவலில் ஹெல்ப் பகுதியைப் பாருங்கள். இணையத்திலிருந்து எடு என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஹெல்ப் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே, காத்திருக்க வைக்காமல் வரும்.

லேப்டாப்பில் சத்தம் நிற்பது பழுது இல்லை. இப்போதைய லேப்டாப்புகளில் மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் போன்ற வேலைகளுக்கே முதலில் கட்டுப்பட்டிருக்கும். எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்1 தட்டினால் ஹெல்ப் வரும். பல மாடல்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து ஒரு முறை அழுத்தினால் நிலையாகவே மாறிவிடும், எஸ்கேப் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அதுதான் அடையாளம். அதுவும் இல்லையென்றால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் இந்தத் தேர்வு இருக்கும். வரைகிறவர்களுக்கு இது கட்டாயம் செய்ய வேண்டிய மாற்றம் என்பேன். எஃப்3இல் ஆப்ஜெக்ட் ஸ்நாப், எஃப்8இல் ஆர்த்தோ, எஃப்10இல் போலார், எல்லாமே அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எஃப்என் பிடித்துக்கொண்டு வரைய முடியாது.

எஃப்1ஐ மாற்றாத கம்ப்யூட்டரில் இவ்வளவுக்குப் பிறகும் ஹெல்ப் வரவில்லையென்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். அதில் எஃப்என்னைச் சொடுக்கிவிட்டு எஃப்1 சொடுக்குங்கள். ஹெல்ப் திறந்தால் மென்பொருள் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் கையடியில் இருக்கும் விசையில். திறக்கவில்லையென்றால் வேறு ஏதோ செயலி எஃப்1ஐ வழிமறிக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் செயலிகளில் சில அப்படிச் செய்யும், ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

யாரும் தொடாமலே திறக்கிறது என்றீர்களே, அதற்கு ஆட்டோகேடை மூடிவிட்டு டெஸ்க்டாப்பில் சும்மா விட்டுப் பாருங்கள். அங்கேயும் பிரவுசர் தானாகத் திறந்து விண்டோஸ் உதவியைத் தேடினால், விசை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீபோர்டின் வயரை உருவிவிட்டு மவுஸோடு மட்டும் சிறிது நேரம் இருங்கள். தொல்லை நின்றால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கடுமை. ஜன்னல் வழியாக மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும், அந்த ஈரம் விசைகளுக்கு அடியில் உள்ள மெல்லிய தகட்டில் படியும். கம்ப்யூட்டரை அணைத்து, வயரை எடுத்து, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எஃப்1ஐச் சுற்றித் துடைத்து, ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள். அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் மேலோ வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும். மறுநாளும் தானாகத் திறந்தால் அந்தக் கீபோர்டை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது எஸ்கேப்புக்கும் எஃப்1க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள்.