மகள் ஹெச் மோட்டார் ராக்கெட் விடலாமா? ஒரு பெற்றோருக்குப் பதில்

பதினாறு வயது மகள், பெரிய மோட்டார் கொண்ட பொழுதுபோக்கு ராக்கெட்டுகளை விடுவதற்கான லெவல் 1 சான்றிதழுக்காக ராக்கெட் கட்டப்போகிறேன் என்கிறாள். வெடித்துவிடுமோ, பொறியியல் படிப்புக்கு இது உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுமதி கொடுங்கள் அம்மா. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது ராக்கெட் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. பாராசூட் விரியாமல் தலைகுப்புற வரும் ஒன்றரைக் கிலோ ராக்கெட்தான் ஆளைக் கொல்லக்கூடியது.

முதலில் விதிகள். அமெரிக்காவில் சான்றிதழ் தருபவை இரண்டு அமைப்புகள்: நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிப்போலி ராக்கெட்ரி அசோசியேஷன். மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு (சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது) 160 நியூட்டன்-செகண்டைத் தாண்டினாலே அது ஹை-பவர், அதாவது சான்றிதழ் தேவைப்படும் வகை. மோட்டாரின் அளவை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். அதன்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும்: ஹெச் என்றால் 320 வரை, ஐ என்றால் 640 வரை. லெவல் 1 இந்த இரண்டுக்கும் மட்டும். ஜே, கே, எல் மோட்டார்களுக்கு லெவல் 2, அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம் முதல் லெவல் 3.

முழுச் சான்றிதழுக்கு 18 வயது ஆக வேண்டும். 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நேஷனல் அசோசியேஷனில் ஜூனியர் லெவல் 1 இருக்கிறது. அதில் மோட்டாரை வாங்குவதும் கைவசம் வைத்திருப்பதும் சான்றிதழ் பெற்ற ஒரு பெரியவர்தான். பறக்கவிடும்போதும் அவர் பக்கத்திலேயே இருப்பார். உங்களிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் நீங்களே ஆர்டர் செய்து தர முடியாது. ஆகவே உங்கள் முதல் வேலை, அருகிலுள்ள ராக்கெட் மன்றத்தில் அப்படி ஒருவரைத் தேடுவது.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்ஏஏ-வின் விதி வேறு, சான்றிதழ் விதி வேறு. மொத்த எடை 1,500 கிராமுக்குள், எரிபொருள் 125 கிராமுக்குள் இருந்தால் எஃப்ஏஏ கணக்கில் அது கிளாஸ் 1. தனி வான்வெளி அனுமதி தேவையில்லை. ஆனால் 1,200 கிராம் ராக்கெட்டில் ஹெச் மோட்டார் இருந்தால் சான்றிதழ் வேண்டும். அந்த எடை வரம்பைத் தாண்டும் கிளாஸ் 2 ராக்கெட்டுகளுக்கான அனுமதியை ஏவுதல் நடத்தும் மன்றமே வாங்கி வைத்திருக்கும்.

இனி ராக்கெட். ஹெச்128 என்று போட்டிருந்தால் சராசரி உந்துவிசை 128 நியூட்டன். ஏவும்போது மொத்த எடை 1,500 கிராம் என்றால் அது சுமார் 14.7 நியூட்டன், விகிதம் கிட்டத்தட்ட 8.7. பாதுகாப்பு விதி கேட்பது குறைந்தது 3. அனுபவசாலிகள் 5-க்குக் கீழே இறங்க மாட்டார்கள். ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் ராக்கெட்டை வரைந்து, ஏவுதண்டை (ராக்கெட்டை நேராகக் கிளப்பிவிடும் கம்பியை) விட்டு வெளியேறும் வேகம் வினாடிக்கு 45 அடிக்கு மேல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே வந்தால் துடுப்புகளால் ராக்கெட்டை நேராகப் பிடித்து வைக்க முடியாது.

ஈர்ப்பு மையம் (ராக்கெட்டின் எடை சமநிலையில் நிற்கும் புள்ளி) அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை தாக்குவதாகக் கொள்ளும் புள்ளிக்கு) முன்னால், குழாயின் விட்டத்தில் ஒரு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். காலி ராக்கெட்டைக் கத்திமுனையில் நிறுத்திப் பார்த்து இதைக் குறித்துக்கொள்வதுதான் வழக்கமான தப்பு. மோட்டார் ஏறியதும் மையம் பின்னால் நகர்ந்துவிடும். மோட்டார், பாராசூட் எல்லாம் வைத்த பிறகே அளக்க வேண்டும்.

சான்றிதழ் பறப்புகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது பாராசூட் விஷயத்தில்தான். மோட்டாருக்குத் திருகு மூடி போடாவிட்டால், பாராசூட்டை வெளியே தள்ளும் வெளியேற்று மருந்து வெடிக்கும்போது பாராசூட்டுக்குப் பதில் மோட்டார் பின்பக்கமாகப் பறந்துவிடும். அத்தோடு தகுதியும் போச்சு. மோட்டார் எரிந்து முடிந்ததிலிருந்து அந்த மருந்து வெடிக்கும் வரையிலான தாமத நேரம் தவறினால் ராக்கெட் வேகத்தில் இருக்கும்போது பாராசூட் விரியும், கயிறு குழாயை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போகும். இதை ஜிப்பர் என்பார்கள். சிமுலேஷனில் உச்சியை அடையும் நேரத்தைப் பார்த்து, அந்தத் தாமதத்தைத் தரும் மருந்துக் குச்சியை அதற்கான கருவியால் துளைத்துக் குறைக்க வேண்டும். குழாயையும் மூக்குக் கூம்பையும் இணைக்கும் அதிர்ச்சிக் கயிறு ராக்கெட் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். குழாயில் சிறு காற்றுத் துளை ஒன்று போடாவிட்டால், மேலே போகப் போக உள்ளே அடைபட்ட காற்று மூக்குக் கூம்பை முன்கூட்டியே தள்ளிவிடும். கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள்: தன் எடையில் கழலக் கூடாது, லேசாக உதறினால் கழல வேண்டும். இறங்கும் வேகம் வினாடிக்கு 15 முதல் 20 அடி. ராக்கெட் மறுபடி பறக்கும் நிலையில் கிடைத்தால்தான் தேர்ச்சி.

தளத்தில் உங்களுக்குள்ள வேலை சுலபம். ஹெச், ஐ மோட்டாருக்கு 100 அடி தள்ளி நில்லுங்கள். மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை, ராக்கெட்டை ஏவுதண்டில் நிறுத்திய பிறகே செருக வேண்டும், வீட்டிலோ காரிலோ அல்ல. பற்றாவிட்டால் 60 வினாடி யாரும் கிட்டே போகக் கூடாது. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் அன்றைக்கு ஏவுதல் இல்லை.

படிப்புக்கு வருவோம். வெறும் சான்றிதழ் அட்டைக்குப் பெரிய மதிப்பில்லை. சிமுலேஷன் சொன்ன உயரம், ராக்கெட்டில் வைத்த ஆல்டிமீட்டர் (உயரமானி) காட்டிய உயரம், இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று அவள் எழுதி வைக்கும் நோட்டுக்குத்தான் மதிப்பு. கல்லூரி அணிகள் கேட்பது அதைத்தான். நாசா ஸ்டூடன்ட் லாஞ்ச் போட்டியில் அணியின் வழிகாட்டிக்குச் சான்றிதழ் கட்டாயம், மாணவர்களுக்கு அல்ல. ஆகவே 18-க்குள் லெவல் 2 வரவில்லையே என்று பதற வேண்டாம்.

விசாவில் இருக்கும் குடும்பமென்றால் இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதியால் அமெரிக்க ராக்கெட் நிறுவனங்களின் பெரும்பாலான வேலைகள் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கே கிடைக்கின்றன. அதனால் விண்வெளிப் பொறியியலோடு மட்டும் கட்டிப்போடாமல், இயந்திரவியலையோ மின்னணுவியலையோ முதன்மைப் பாடமாக எடுக்கச் சொல்வேன். ராக்கெட் அணியில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

வெளிமாநில ஏவுதலுக்கு விமானத்தில் போவதாக இருந்தால் மோட்டாரைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது. தளத்துக்கு வரும் விற்பனையாளரிடம் சான்றிதழ் பெற்ற அந்தப் பெரியவர் பெயரில் முன்பதிவு செய்துவிடுங்கள்.