பட்டா நிலமும் காட்டு விதியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரி அருகே மரங்கள் அடர்ந்த இரண்டு ஏக்கர் பட்டா நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். ஓய்வுபெற்றபின் அங்கே வீடு கட்ட விண்ணப்பித்தபோது, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் இல்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இந்த விதியையே எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

வாழ்நாள் சேமிப்பை நிலத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பவரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எதிர்க்க விரும்புவது விதியையா, அதை உங்கள் நிலத்துக்குப் பொருத்திய ஆணையையா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விதியை எதிர்க்கும் வழக்கு நிற்காது என்றே கருதுகிறேன். அது நிற்க வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை.

தனியார் காட்டில் உரிமையாளரே அனுமதியின்றி மரம் வெட்டக்கூடாது என்பதற்கு 1949ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவதைக் கண்டு நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், நிலம் யாருடையதாயினும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைத்தால், மரங்கள் பிடித்து வைத்திருக்கும் சரிவில் பொக்லைன் இறங்குவதைத் தடுக்கும் எந்த விதியையும் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது நீலகிரியிலுள்ள சீகூர் யானை வழித்தட வழக்கு. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அரசு அறிவித்த வழித்தடத்தை உறுதிசெய்தது. ஆயினும் தம் நிலம் அதற்குள் தவறாகச் சேர்க்கப்பட்டது என்று முறையிட்டவர்களைக் கேட்பதற்காக, ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவையும் அதே தீர்ப்பில் அமைத்தது. விதி சரியாக இருந்தும் அது பொருத்தப்பட்ட விதம் தவறாக இருக்கலாம் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

உங்கள் வழியும் அதுவே. ஒரு வரி மறுப்பை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. காரணம் கேட்பது உங்கள் உரிமை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் கோப்பின் நகலையும், நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேட்டையும் நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படத்தையும் பெறுங்கள். நிலம் தனியார் காடாக அறிவிக்கப்பட்டதா, சரிவு எவ்வளவு, மரமில்லாத திறந்த பகுதி உண்டா என்று பாருங்கள். அப்படியொரு பகுதி இருந்தால், மண்ணை வெட்டாமல் அங்கே சிறிய வீடொன்றுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு இடமுண்டு. அதைச் செய்யாமல் நேரே போனால் உயர் நீதிமன்றம் உங்களை அங்கேயே திருப்பி அனுப்பக்கூடும். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருப்பதால், ஆணையின் நகலோடு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.