தேன் 120 மில்லி என்றால் 120 கிராமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிய கேக் குறிப்பில் அரை கப் தேன் என்று இருக்கிறது. அரை கப் என்றால் 120 மில்லி, அதனால் தராசில் 120 கிராம் நிறுத்து ஊற்றுகிறேன். அவள் செய்தால் மெத்தென்று வருகிறது, எனக்கு இனிப்பும் குறைகிறது, கேக்கும் வறண்டு போகிறது. தேனில் ஏதும் கலப்படமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தேனைச் சந்தேகப்படாதீர்கள், கணக்குதான் இடிக்கிறது. 1 மில்லி 1 கிராம் என்பது தண்ணீருக்குச் சரி, பாலுக்கும் கிட்டத்தட்ட சரி. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், அதனால் 1 மில்லி தேன் சுமார் 1.4 கிராம் எடை இருக்கும். அமெரிக்க அரை கப்புக்கு 170 கிராம் வர வேண்டும், நீங்கள் ஊற்றியது 120, அதாவது 50 கிராம் தேன் கேக்குக்குள் போகவே இல்லை. ஈரத்தைப் பிடித்து வைத்து மெத்தென்று ஆக்குவதே தேன்தான் என்னும்போது கேக் வறளாமல் என்ன செய்யும்? (கலப்படத்தை எடையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, சர்க்கரைப்பாகைக் கெட்டியாகக் காய்ச்சினால் அதுவும் இதே எடைதான் வரும்.)

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நிறைய சமையலறைத் தராசுகளில் கிராமை மில்லியாக மாற்ற ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டுத் தேனை ஊற்றினால் 120 மில்லி என்று காட்டும், ஆனால் கிண்ணத்தில் இருப்பது 85 மில்லிதான், ஏனென்றால் அந்தப் பட்டனுக்குத் தண்ணீர் கணக்கு மட்டும்தான் தெரியும், சிலவற்றில் பால் கணக்கும் இருக்கும். இனிப்புப் பாகுகளுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

மகள் அனுப்பும் மற்ற குறிப்புகளுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்: அமெரிக்க ஒரு கப்புக்குத் தேன் 340 கிராம், மேப்பிள் சிரப் 315 கிராமை ஒட்டி, கண்டென்ஸ்டு மில்க் 305. டேபிள்ஸ்பூன் கணக்கென்றால் தேன் 21 கிராம், டீஸ்பூன் 7. ஆஸ்திரேலியக் குறிப்பாக இருந்தால் கவனம், அவர்களுடைய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, கப்பும் 250 மில்லி, ஆகவே ஒரு டேபிள்ஸ்பூன் தேனே 28 கிராம் வந்துவிடும்.

நிறுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், உங்கள் பழக்கம் நல்ல பழக்கம். கப்பில் அளந்தால் ஒரு ஸ்பூனாவது அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை வழித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மாவுக் கிண்ணத்தையே தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பாட்டிலில் இருந்து நேராக 170 வரும்வரை ஊற்றுங்கள்.

கேள்வி: குறிப்பில் 14 அவுன்ஸ் கண்டென்ஸ்டு மில்க் டின் என்று போட்டிருக்கிறது. ஒரு அவுன்ஸ் 30 மில்லி என்று எடுத்து 420 மில்லி ஊற்றினால் தித்திப்பு திகட்டுகிறதே?
- வாசகர், மதுரை

பதில்: திகட்டத்தான் செய்யும். அவுன்ஸில் இரண்டு வகை உண்டு, ஒன்று எடைக்கு, ஒன்று நீர்ம அளவுக்கு. டின்மேல் இருப்பது எடை அவுன்ஸ், 14 அவுன்ஸ் என்றால் 397 கிராம். அளவில் பார்த்தால் அது 310 மில்லிக்குள் அடங்கிவிடும், நீங்கள் நூறு மில்லிக்கு மேல் கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள். நம் கடைகளில் கிடைக்கும் 400 கிராம் டின் ஒன்றை அப்படியே கவிழ்த்துவிடுங்கள், சரியாக இருக்கும்.

கேள்வி: வெல்லப்பாகுக்கு ஒரு கப் எத்தனை கிராம்?
- வாசகி, சேலம்

பதில்: இதற்கு ஒரே எண் சொல்ல முடியாது, பதத்துக்குப் பதம் மாறும். வெல்லத்தையும் அதே எடைத் தண்ணீரையும் சேர்த்துக் கரைத்து வடிகட்டியதும் மில்லிக்கு 1.2 கிராம் அளவில் இருக்கும், கம்பிப் பதம் வரும்போது 1.35-ஐ நெருங்கிவிடும். கெட்டியாக இருப்பதால் மட்டும் கனம் என்று நினைக்கக் கூடாது, நல்லெண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டிதான், ஆனால் மேலே மிதக்கிறது.

உங்கள் பாகுக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு சின்ன டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் துடைத்துவிட்டு அதே அளவு பாகு ஊற்றி நிறுங்கள். தண்ணீர் 150, பாகு 195 என்று வந்தால் 195-ஐ 150-ஆல் வகுங்கள், 1.3 வரும், அதுதான் உங்கள் பாகில் ஒரு மில்லியின் எடை. 240 மில்லி கப்புக்கு 312 கிராம். பாகு ஆறிய பிறகு செய்யுங்கள், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கையும் சுடும், நுரை இருப்பதால் எடையும் குறைத்துக் காட்டும்.