ஸ்லோ குக்கரில் மாட்டிறைச்சி ஏன் ஒரு நாள் ரப்பராகவும் மறுநாள் வைக்கோலாகவும் ஆகிறது?

கேள்வி: இங்கிலாந்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த மாட்டிறைச்சியை வாங்கி, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் வைக்கிறேன். சில நாள் ரப்பர் போல் இருக்கிறது, சில நாள் வைக்கோல் போல் உதிர்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்:

நீங்கள் சொல்லும் ரப்பரும் வைக்கோலும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. ரப்பராக இருக்கும் கறி இன்னும் வேகவில்லை, அதை மேலும் சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். வைக்கோலாக உதிரும் கறியோ ஸ்லோ குக்கருக்கு ஏற்ற கறியே அல்ல, அதை எவ்வளவு நேரம் வைத்தாலும் இன்னும் மோசமாகத்தான் ஆகும். விலை குறைந்தது என்ற ஒரே தகுதியைப் பார்த்து வாங்கும்போது இந்த இரண்டு வகைக் கறியும் மாறி மாறி நம் பையில் வந்து விழுகின்றன. உங்கள் குழப்பத்துக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நான் லீட்ஸ் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது சோறு மட்டும் வடித்தால் போதும் என்ற நிலை வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்லோ குக்கர் வாங்கினேன். முதல் முறை சமைத்தது சில்வர்சைடு என்று இங்கே சொல்லப்படும் பின்தொடைக் கறி. கொழுப்போ ஜவ்வோ இல்லாமல், முழுக்க ஒரே சிவப்பாக, பார்க்க அத்தனை சுத்தமாக இருந்தது. ஊரில் கறி வாங்கும்போது ஜவ்வு இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்டு வாங்கிய பழக்கம் என்னை அப்படி எடுக்க வைத்தது. ஒன்பது மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது கறி குழம்பில் மூழ்கித்தான் இருந்தது, ஆனால் வாயில் வைத்தால் நார் நாராகப் பிரிந்து, ஈரமே இல்லாத சக்கையாக இருந்தது. குழம்புக்குள்ளேயே கிடந்த கறி எப்படி வறண்டு போகும் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இறைச்சியின் தசைநார்கள் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சுருங்கி, தங்களுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. துணியை முறுக்கிப் பிழிவது போன்ற வேலை அது. பிழிந்த நீர் குழம்போடு கலந்துவிடும், திரும்ப நாருக்குள் போகாது. ஸ்லோ குக்கரில் கறி கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாவதால், எந்தப் பகுதியைப் போட்டாலும் இந்தப் பிழிதல் நடந்தே தீரும். அப்படியானால் ஏற்ற பகுதிகள் மட்டும் எப்படி மெத்தென்று இருக்கின்றன? அவற்றில் ஜவ்வு இருக்கிறது. ஜவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் ஈரச்சூட்டில் கிடந்தால் மெல்ல மெல்ல உருகி ஜெலட்டினாக மாறுகிறது. அந்த ஜெலட்டின் வறண்ட நார்களுக்கு இடையே படர்ந்து வழுவழுப்பாக நிற்பதால், நீர் போன பிறகும் கறி சாறோடு இருப்பதாக நாக்கு உணர்கிறது. சில்வர்சைடு, டாப்சைடு போன்ற தொடைப்பகுதிகளில் உருகுவதற்கு அவ்வளவு ஜவ்வு கிடையாது, அதனால் பிழிதல் மட்டுமே நடந்து முடிகிறது.

ஆகவே மாடு அதிகம் உழைத்த உறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதலிடம் கொடுப்பது ஷின் என்ற கால்தண்டுக் கறிக்குத்தான். லீட்ஸின் கர்க்கேட் சந்தையில் கறிக்கடைகள் வரிசையாக உள்ள பகுதியில் அதை வட்டவட்டமாக அறுத்து வைத்திருப்பார்கள். வெட்டுமுகத்தைப் பார்த்தால், கருஞ்சிவப்புத் தசையை வெள்ளை வரிகள் வாழைத்தண்டின் வளையங்களைப் போலப் பிரித்துப் பிரித்துக் காட்டும். விரலால் அழுத்தினால் அந்த வெள்ளைப் பகுதி கண்ணாடி போல் பளபளத்து, விறைப்பாக நிற்கும். ஊரில் நாம் ஒதுக்கிய அந்த வெள்ளைதான் இங்கே நமக்கு வேண்டிய பொருள். ஷின் கிடைக்காவிட்டால் தோள்பட்டையிலிருந்து வரும் சக் நல்லது. அதில் கொழுப்பும் ஜவ்வும் அளவாக இருப்பதால், புதிதாகச் செய்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டை முழுத்துண்டாக வைத்து, வெந்த பிறகு நாருக்குக் குறுக்காக அறுக்க வேண்டும். கன்னக்கறி மிக அருமையாக வரும். வால்கறியை மட்டும் விலை பார்த்து வாங்குங்கள், ஒரு காலத்தில் மலிவாக இருந்தது இன்று அப்படி இல்லை.

இனி ரப்பருக்கு வருகிறேன். சரியான பகுதியையே வாங்கியிருந்தாலும், சமையலின் நடுவில் ஒரு கட்டத்தில் கறி மிகக் கடினமாக இருக்கும். தசைநார்கள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன, கொலாஜன் இன்னும் உருகவில்லை, இரண்டும் சேர்ந்து இறுகிக் கிடக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, கறி முற்றிப் போய்விட்டது என்று அடுப்பை அணைத்துவிடுகிறவர்கள் பலர். மூடியைத் திறக்காமல் பொறுத்திருந்தால் அதே துண்டு இரண்டு மணி நேரத்தில் கரண்டிக்கு உடையும். திறக்காமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாத்திரத்தின் சூடு மென்மையானது, ஒரு முறை மூடியைத் தூக்கினால் போன சூடு திரும்ப வர அரை மணி நேரம் வரை ஆகிவிடும்.

குக்கரில் உள்ள லோ (குறைந்த சூடு), ஹை (அதிகச் சூடு) என்ற இரண்டு நிலைகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பல குக்கர்களில் இரண்டுமே கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேர்கின்றன, போய்ச் சேரும் வேகம் மட்டுமே வேறு. என் மூன்றரை லிட்டர் குக்கரில், நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய சக் லோ நிலையில் எட்டு மணி நேரத்திலும், ஷின் ஒன்பது முதல் பத்து மணி நேரத்திலும் தயாராகின்றன. ஹை நிலையில் சக்குக்கு ஐந்து மணி நேரம் ஆகும். கடிகாரத்தை விட முட்கரண்டியை நம்புங்கள். துண்டில் குத்தி லேசாகத் திருப்பும்போது எதிர்ப்பில்லாமல் பிரிந்தால் வெந்துவிட்டது, முட்கரண்டியோடு துண்டு முழுதாகச் சுழன்றால் இன்னும் ஒரு மணி நேரம் தேவை.

நீண்ட நேரம் யாரும் பார்க்காமல் வேக வேண்டும் என்ற எண்ணத்திலேயே பிறந்த பாத்திரம் இது. லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்த இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர், தம் தாய் சொன்ன சோலன்ட் என்ற உணவின் நினைவில் இதை உருவாக்கி 1940-இல் காப்புரிமை பெற்றார். யூதர்கள் தங்கள் வார ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், இறைச்சியையும் பயறு வகைகளையும் முந்தின நாள் மாலையே ரொட்டிக்கடையின் ஆறும் அடுப்பில் வைத்து, இரவு முழுதும் வேகவிட்டு மறுநாள் எடுத்து உண்பார்களாம். 1971-இல் க்ராக் பாட் என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பிறகு, வேலைக்குப் போகும் பெண்கள் இதைப் பெரிதும் விரும்பினார்கள். என் ஷிஃப்டும் அந்த ஓய்வுநாள் இரவும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கறியை அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம், வெந்துவிடும். ஆனால் நிறமும் மணமும் வேண்டுமென்றால் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுங்கள். ஸ்லோ குக்கர் கொதிநிலையைத் தாண்டுவதில்லை, கறியின் மேல் பழுப்பேறி வறுத்த மணம் வருவதற்கோ 140 டிகிரிக்கு மேல் சூடு தேவை. துண்டுகளைக் காகிதத் துவாலையால் ஒற்றி ஈரம் போக்கி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, ஒன்றையொன்று தொடாதபடி சிறிது சிறிதாகப் போட்டு வறுங்கள். சட்டியை நிரப்பினால் கறி தண்ணீர் விட்டுப் புழுங்கத் தொடங்கிவிடும், சடசடவென்ற ஓசை அடங்கினாலே அது தெரிந்துவிடும். பிறகு அதே சட்டியில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் பிடித்ததை எல்லாம் சுரண்டிப் பாத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தச் சுரண்டலில்தான் குழம்பின் சாரம் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் நம் கை தாராளமாகப் போகும், அதைக் கட்டுப்படுத்த வேண்டும். ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டுவதாலும், கறியே நிறைய நீர் விடுவதாலும், ஒரு கிலோ கறிக்கு 200 முதல் 250 மில்லி போதும். நிரம்ப ஊற்றினால் ஜெலட்டின் நீர்த்து, குழம்பு ரசமாகிவிடும்.

நம் மசாலாவிலும் இது நன்றாக வரும். நான் நாகர்கோவில்காரி, தேங்காய்ச் சில்லு போட்ட மாட்டுக்கறி வறுவல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அம்மா பிரஷர் குக்கரில் விசில் எண்ணி வேகவைப்பார். அதற்குள் சூடு 120 டிகிரி அளவுக்கு ஏறுவதால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். நேரம் இல்லாத நாளில் இன்றும் அதுவே சிறந்த வழி. ஸ்லோ குக்கரில் செய்யும்போது பட்டை, கிராம்பு இரண்டையும் வழக்கத்தில் பாதியாகக் குறைத்துவிடுவேன், பத்து மணி நேரத்தில் அவற்றின் காரச்சாரம் முழுதும் இறங்கிக் கசக்கத் தொடங்கும். மல்லித்தூளையும் மிளகாய்த்தூளையும் வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கிச் சேர்ப்பேன். மிளகுத்தூள், கரம் மசாலா, தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை ஆகியவை கடைசியில் தனிச்சட்டியில் தாளித்து, வெந்த கறியைப் போட்டு ஈரம் வற்றப் பிரட்டும்போதுதான். தேங்காய்ப் பால் ஊற்றுவதானால் கடைசி அரை மணி நேரத்தில் ஊற்றுங்கள், முன்பே ஊற்றினால் திரிந்துவிடும்.

உருளைக்கிழங்கும் கேரட்டும் கறியை விட மெதுவாக வேகும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவற்றை அடியிலும் ஓரத்திலும் போட்டு, மேலே கறியை வையுங்கள். ராஜ்மாவைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஊறவைத்த பச்சை ராஜ்மாவை நேரடியாக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதில் உள்ள நச்சு நன்கு கொதித்தால்தான் அழியும், மிதமான சூட்டில் அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரச் செய்யும். தனியே குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகு சேருங்கள், அல்லது டின்னில் வருவதைப் பயன்படுத்துங்கள். உறைந்த கறியையும் அப்படியே போடாதீர்கள். சூடு மெதுவாக ஏறுவதால் கிருமிகள் பெருகும் வெப்பத்தில் அது நெடுநேரம் கிடக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக வைத்துவிடலாம். நீண்ட ஷிஃப்ட் உள்ள நாளில், வேகும் நேரம் முடிந்ததும் தானாகச் சூடுகாக்கும் நிலைக்கு மாறும் மாடல் பெரிய உதவி.

இவ்வளவும் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மிஞ்சிய குழம்பை ஆறவைத்து இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். மேலே கொழுப்பு வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும், வேண்டாமென்றால் ஒரே விள்ளலாக எடுத்துவிடலாம். அதன் கீழே குழம்பு அல்வா போலத் தளதளவென்று கட்டி நின்றால், நீங்கள் வாங்கியது சரியான கறி, ஜவ்வும் முழுதாக உருகியிருக்கிறது. தண்ணீராகவே ஓடினால் அடுத்த முறை ஷின் வாங்குங்கள். கட்டி நின்ற குழம்பை அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டுச் சூடான சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள், முதல் நாளை விடச் சுவையாக இருக்கும்.