‘புரோரோக்’ என்றால் முடக்கமா, ஒத்திவைப்பா?

நாடாளுமன்றத்தை ‘புரோரோக்’ செய்தார்கள் என்று செய்திகளில் வருகிறதே, அது ஒத்திவைப்பா, முடக்கமா, கலைப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் இல்லை. கூட்டத்தொடரை முடித்துவைப்பதுதான் புரோரோக். இலங்கைத் தமிழில் ‘முடிவுறுத்தல்’ என்பார்கள். அது இன்னும் கச்சிதமான சொல்.

இந்த வார்த்தையில் நானும் வழுக்கி விழுந்தவன்தான். 2022 பிப்ரவரியில் மேற்கு வங்க ஆளுநராக இருந்த ஜகதீப் தன்கர் அந்த மாநிலச் சட்டப்பேரவையை புரோரோக் செய்தார். எனக்கும் தன்கருக்கும் ஆகாது, விஷயத்தை முழுதாகப் படிக்காமல் “சட்டசபையையே முடக்கிவிட்டார்” என்று வாட்ஸ்அப் குழுவில் பொங்கிவிட்டேன். தமிழக முதல்வர் ஸ்டாலினே அதைக் கண்டித்துப் பதிவிட்டிருந்ததால் கூடுதல் தைரியம். மறுபடி பார்த்தால், மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்கிறார் தன்கர். அப்போது அங்கே ஆட்சியில் இருந்த திரிணமூல் கட்சியினரும் ஆமாம் என்கிறார்கள். குழுவில் இரண்டு நாள் தலைகாட்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவையை ஒத்திவைப்பது சபாநாயகரின் வேலை. மதிய உணவுக்காகவும் ஒத்திவைப்பார், கூச்சல் தாங்காமலும் ஒத்திவைப்பார். கடைசி நாளில் ‘தேதி குறிப்பிடாமல்’ ஒத்திவைப்பார். அதோடு கூட்டத்தொடர் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சட்டத்தின் கணக்கில் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. சில நாள் கழித்து, அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ (85ஆவது பிரிவு) ஆளுநரோ (174ஆவது பிரிவு) ஓர் உத்தரவு போட்டால்தான் தொடர் முடிகிறது. பத்திரிகையில் அது நாலு வரிச் செய்தியாக வரும், யாரும் படிப்பதில்லை. உறுப்பினர்கள் பதவி அப்படியே இருக்கும். அவையைக் கலைத்தால்தான் போகும். மாநிலங்களவையை முடித்துவைக்கலாம், கலைக்கவே முடியாது.

அந்த நாலு வரி வந்ததா இல்லையா என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு பஞ்சாபைப் பாருங்கள். 2023 மார்ச்சில் ஒத்திவைத்த பேரவையைத் தொடரை முடித்துவைக்காமலே வைத்திருந்து, ஜூனில் சபாநாயகர் மறுபடி கூட்டினார். புதிய தொடர் என்றால் ஆளுநர் அழைக்க வேண்டும், பழைய தொடரின் நீட்சிக்கு அவர் தேவையில்லை. ஆளுநர் பன்வாரிலால் புரோஹித் (ஆமாம், முன்பு தமிழக ஆளுநராக இருந்தவரேதான்) அந்தக் கூட்டமே செல்லாது என்று சொல்லி, அதில் நிறைவேறிய மசோதாக்களை நிறுத்திவைத்தார். கூட்டம் செல்லும் என்று அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு பயன்பாடு அவசரச் சட்டம். இரு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. 2015இல் பட்ஜெட் தொடரின் இடைவேளையில் மாநிலங்களவையின் தொடரை மட்டும் முடித்துவைத்தார்கள். சில நாளிலேயே நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டம் மறுபடி பிறப்பிக்கப்பட்டது. விதிப்படி சரி, எனக்கு அது பின்வாசல் வழியாகத்தான் தெரிகிறது.

இந்தியாவில் தொடர் முடிந்தாலும் நிலுவை மசோதாக்கள் காலாவதி ஆகாது. பிரிட்டனில், அடுத்த தொடருக்கு எடுத்துச்செல்ல முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவை பொதுவாக அத்தோடு போயிற்று. அதனால் அங்கே இந்தச் சொல்லுக்குக் காரம் அதிகம்.

பெயருக்கும் செயலுக்கும் பொருத்தமே இல்லை என்பது ஒரு வேடிக்கை. லத்தீன் மூலத்துக்கு ‘நீட்டித்தல்’ என்று பொருள். ரோமில் ஓர் அதிகாரியின் அதிகாரத்தை அவருடைய பதவிக்காலம் தாண்டி நீட்டிப்பதைக் குறித்த சொல் அது.

தலைப்புச் செய்தியாகும்போதெல்லாம் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கும். 2008 டிசம்பரில் கனடா பிரதமர் ஹார்ப்பர், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்கும் நிலையில் இருந்தபோது ஆளுநர் நாயகத்திடம் கேட்டு முடித்துவைத்தார். ஜனவரியில் அவை கூடுவதற்குள் எதிரணிக் கூட்டு கலகலத்துவிட்டது. 2018இல் இலங்கையில் அப்போதைய ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கிய மறுநாளே நாடாளுமன்றத் தொடரை முடிவுறுத்தினார்.

2019இல் பிரிட்டனில் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது) கெடு நெருங்கும் நேரத்தில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரத்துக்கு மூடப் பார்த்தார். அது சட்டவிரோதம் என்று செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். மறுநாள் அவை கூடியதும் சபாநாயகர் ஜான் பெர்கோவ், செப்டம்பர் 9ஆம் தேதி அவைக்குறிப்பில் ‘முடித்துவைப்பு’ பற்றி இருந்த பதிவை நீக்கச் சொன்னார். அன்று அவை ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று அந்த இடத்தில் மாற்றி எழுதிக்கொண்டார்கள்.