கருப்பி குட்டிங்க போயிருச்சு

கேள்வி: மேலூர் பக்கம் எங்க ஊரு. எங்க நாய் கருப்பி போட்ட 5 குட்டியும் நாலு நாளைக்குள்ள ஒண்ணொண்ணா செத்துப் போயிருச்சுங்க, அது இன்னும் குட்டிங்க கெடந்த சாக்க மோந்துக்கிட்டே கெடக்கு, சோறு திங்க மாட்டேங்குது. மழை ராத்திரியில நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ?

பதில்: அப்படி நெனைக்காதீங்கம்மா. பொறந்த குட்டிக்கு மொத ரெண்டு வாரம் தன் உடம்பு சூட்ட தானே காப்பாத்திக்க முடியாது, குளிரு, பால் பத்தாதது, ஹெர்பஸ் வைரஸ்னு காரணம் எத்தனையோ, சில நேரம் டாக்டருக்கே பிடிபடாது. இப்ப கருப்பி மடிய தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி சூடா வீங்கியிருந்தா நீங்களா பீச்சி விடாம கால்நடை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருங்க, சோறு திங்காததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். உங்களுக்கு அழுகை வந்தா அழுதிருங்க, ‘நாய்க்குட்டிக்குப் போயி இம்புட்டா’ன்னு கேக்குறவுக கேட்டுட்டுப் போகட்டும்.